கோட்டையில் நீ ஒதுக்கிய பதர்

நீ தைத்த கொசுவலை உறையை இன்று காலை, சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன், துவைத்துக் கொடியில் போட்டேன். முதல் தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் வந்தது. அடுத்த தண்ணீரில் நெல் சுணை மிதந்தது. வாளியின் மேல் குனிந்தபோது அறுப்புக் காலத்தில் உன் வீட்டு வாசலில் அடிக்கும் அதே வாசம் மூக்கில் ஏறியது. தும்மல் வந்ததா அழுகை வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான் வந்தது என்று வைத்துக்கொள்.

ஜன்னலுக்கு வலை வாங்கியதில் மிஞ்சிய துண்டு அது. சுற்றிலும் எலாஸ்டிக் வைத்து, ஒரு மூலையை மட்டும் கோணலாகத் தைத்திருந்தாய். பார்த்ததும் நான் சிரித்தேன். லட்சக்கணக்கான போட்டோக்களைக் காக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கொசுவலையா என்று கேட்டேன். கீழ்வேளூர் ரோட்டோரத்தில் வந்து ஓர் அறுப்பு முழுக்கக் குடியிருந்து பார், அப்புறம் பேசு என்றாய். உண்மைதான். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும், அறுப்பு மெஷின் போகும்போதெல்லாம் பதரும் தூசும் வீட்டுக்குள் வரும், பெட்டியின் விசிறி அதை உள்ளே இழுக்கும். ஒவ்வோர் அறுப்பு முடிந்ததும் உறையைக் கழற்றித் துவைத்து மாட்டுவாய். நீ போன பிறகு அதை யாரும் துவைக்கவில்லை. அதைத் துவைக்க வேண்டும் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாய், நான் நாகப்பட்டினத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். அன்றிலிருந்து நான் உனக்கு டீச்சர். அந்த வார்த்தையை நீ சொல்லும் விதத்தில் மரியாதை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் எதையாவது திருத்த வாயைத் திறக்கும் முன்பே, "சொல்லுங்க டீச்சர்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய். பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் அதை விடவில்லை.

பெட்டி உன் யோசனைதான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்து, இரண்டு டிஸ்க் செருகி, வீட்டிலுள்ள எல்லா போனிலிருந்தும் படங்கள் தானாக வந்து சேரும்படி செய்தாய். அடுத்த மாதமே எனக்கும் ஒன்று செய்துகொண்டு வந்தாய். உன் அம்மா வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம். விதைநெல்லை வைக்கோல் பிரியில் சுற்றிக் கோட்டை கட்டுவார்கள், அதில் பாதியைப் பக்கத்து ஊரில் வேண்டியவர் வீட்டில் வைப்பார்கள். அந்த வீட்டுக் கோட்டைகளில் பாதி இங்கே வரும். வெள்ளம் ஒரு வீட்டுக்குள் புகுந்தாலும் மறு வருஷ விதைப்பு நிற்காது. அடுத்தவர் வயலில் நட்டுக்கொண்டிருந்த உன் அப்பா சொந்தமாக ஒரு மா நிலம் வாங்கியபோது, முதல் விதை அப்படி வேறொரு வீட்டில் காத்திருந்த விதைதான் என்று சொல்லியிருக்கிறாய். அதனால் நம் பெட்டிகளுக்கும் கோட்டை என்றே பேர் வைத்தாய். உன் கோட்டையில் என் வீடு, என் கோட்டையில் உன் வீடு. பொழுது சாயும் நேரத்தில் இரண்டும் நெட் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்படி அமைத்தாய்.

அப்போது இன்னொன்றும் சொன்னாய். நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டுக்கு அனுப்பும் விதையைத் தூற்றி, புடைத்து, சுத்தமாகத்தான் அனுப்ப வேண்டும், பதரோடு அனுப்பினால் அந்த வீட்டை மதிக்கவில்லை என்று ஆகும். உன் பெட்டியில் இரண்டே ஃபோல்டர்தான். ஒன்று விதை, இன்னொன்று பதர். கல்யாணம், காதுகுத்து, பட்டா, சிட்டா, மகளின் மார்க் ஷீட் எல்லாம் விதையில். "ஒனக்கு அனுப்புறதச் சலிச்சுதான்டி அனுப்புவேன். பதரெல்லாம் என் வூட்டோட" என்றாய். பதரில் என்ன வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கவே இல்லை. மங்கலான படங்களும் பாதியில் நின்ற வீடியோக்களுமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நமக்குள் தீராத சண்டை ஒன்று இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அறுபத்து மூன்று. நாம் படித்த காலத்து டிஸ்க்குகள் செக்டார் என்ற சின்னச் சின்ன அறைகளாக இருக்கும், அவற்றைப் பகுதி பிரித்தால் முதல் பார்ட்டிஷன் அறுபத்து மூன்றாவது செக்டாரில் தொடங்கும். லேபில் நீ முதன்முதலாகப் பிரித்ததும் அப்படித்தான். பிறகு வந்த டிஸ்க்குகள் உள்ளுக்குள் எட்டெட்டு செக்டாரை ஒரு கட்டாகச் சேர்த்து எழுதுபவை. அறுபத்து மூன்று எட்டில் வகுபடாது. அதனால் ஒரு கட்டில் முடிய வேண்டியது இரண்டு கட்டில் பாதிப் பாதியாக விழும். டிஸ்க் ஒவ்வொரு முறையும் இரண்டையும் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும். வரப்பை ஓர் அடி தள்ளிப் போட்டுவிட்டு ஒரே வயலுக்கு இரண்டு மடை திறப்பதுபோல என்று உனக்குப் புரியும் பாஷையில் சொன்னேன். "தண்ணி பாயுதுல்ல? அப்பறம் என்ன" என்றாய். அதோடு பேச்சு முடிந்தது. புது டிஸ்க் மாற்றும்போதும் அதே அறுபத்து மூன்றில்தான் தொடங்கினாய். பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா என்று நான் கத்தியிருக்கிறேன். கத்திவிட்டு உன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டும் வந்திருக்கிறேன்.

பிறகு உன் உடம்பில் அந்தக் கட்டி வந்தது. தஞ்சாவூருக்கும் வீட்டுக்குமாக நீ அலைந்தாய். கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, கார் வாசலில் நிற்க, உள்ளே திரும்பிப் போய்ப் பெட்டி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாயாம். அதை அண்ணன் என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். உன் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தது உன் கல்யாணத்தன்று. அவர் அதிகம் பேசாத மனிதர். இப்போது இன்னும் குறைந்துவிட்டது.

அவரேதான் போன வாரம் போன் செய்தார். திருச்சியில் படிக்கும் உன் மகள் உன் படங்களைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம், பெட்டியிலிருந்து டிக் டிக் என்று சத்தமும் வருகிறதாம். நேற்று இரண்டு புது டிஸ்க் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அறுப்பு நடக்கிறது. ரோட்டில் பாதிக்கு நெல். பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. உன் வீட்டு வாசலில் இறங்கும்போது, உள்ளேயிருந்து நீ குரல் கொடுப்பாய் என்று கால் ஒரு கணம் தயங்கியது. இன்னும் தயங்குகிறது. என்ன செய்ய.

பெட்டி நீ வைத்த அலமாரியிலேயே இருந்தது. உள்ளே ஒரு டிஸ்க் எப்போதோ செத்துப்போயிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்ததை யாரும் அறியவில்லை. மிச்சமிருந்த ஒன்றுதான் முனகிக்கொண்டு ஓடியது. நான் கவலைப்படவில்லை. எல்லாம் என் வீட்டுக் கோட்டையில் பத்திரமாக இருக்கிறது, புது டிஸ்க்கில் பார்ட்டிஷனைச் சரியான இடத்தில் தொடங்கி, இதிலிருப்பதை அதில் ஊற்றினால் வேலை முடிந்தது என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன்.

அவர் என் கைக்கும் சுவிட்சுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அணைக்காம செய்ய முடியுமாம்மா?" என்றார். நான் புரியாமல் பார்த்தேன். "அவ போட்டுட்டுப் போனது. இதுவரைக்கும் நின்னதில்ல."

அப்போதுதான் கீழே கவனித்தேன். இன்வெர்ட்டர் பக்கத்தில் புதிதாக ஒரு பேட்டரி. மழைக்காலத்தில் கரண்ட் நாள் முழுக்கப் போகும் ஊர். வீட்டில் ஃபேன், லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு இந்த ஒரு பெட்டிக்காக அதை மிச்சம் பிடித்திருக்கிறார். உன் போட்டோவுக்கு அந்த வீட்டில் மாலை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. ஆனால் நீ கை வைத்த பிறகு வேறு யாரும் கை வைக்காதது இது ஒன்றுதான். பழைய டிஸ்க்கிலிருந்துதான் பெட்டியே இயங்குகிறது, கடைசியில் ஒரு தடவை அணைத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் எடுத்து முடிக்கும் வரை அணைக்காமல் பார்க்கிறேன் என்றேன். சமாதானத்துக்கு மட்டும் சொன்னதல்ல. இத்தனை காலம் நிற்காமல் சுற்றிய டிஸ்க்கை நிறுத்தினால் மறுபடி சுற்றும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அவர் தலையை ஆட்டினார்.

செத்த டிஸ்க்கை ஓடும் பெட்டியிலிருந்து உருவினேன். புதியதைச் செருகினேன். பார்ட்டிஷனை இரண்டாயிரத்து நாற்பத்தெட்டாவது செக்டாரில் தொடங்கினேன். எட்டில் சுத்தமாக வகுபடும் எண். ஜெயித்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆள் இல்லாமல் ஜெயிப்பதில் ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்.

ஊற்றத் தொடங்கும் முன், அங்கிருந்தபடியே என் வீட்டுக் கோட்டையைத் திறந்து இதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். டீச்சர் புத்தி. விதை அப்படியே அங்கேயும் இருந்தது. பதர் அங்கே இல்லை. பதரை மட்டும் அனுப்பாதே என்று பெட்டிக்கு ஒரு வரிக் கட்டளை எழுதி வைத்திருந்தாய். சரி, குப்பைதானே என்று நினைத்துக்கொண்டு, சும்மா ஒன்றைத் திறந்தேன்.

உன் குரல்.

"ம்... இன்னிக்குப் புது டிஸ்க் போட்டாச்சு. அறுவத்து மூணுலதான் ஆரம்பிச்சிருக்கேன். டீச்சருக்குத் தெரிஞ்சா குதிப்பா. குதிக்கட்டும்." பின்னால் குக்கர் விசில். "என்னங்க, அந்தக் குக்கர நிறுத்துங்க."

இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் நீதான். வேறொன்றில் பஸ் ஹாரன், உன் மகள் ஏதோ கேட்க, இரு இரு என்று நீ அதட்டுவது. எனக்கு ஞாபகம் வந்தது. பெட்டியில் எதைச் செய்தாலும் எழுதி வைத்துக்கொள் என்று நான் நச்சரிப்பேன். உனக்கு எழுதப் பிடிக்காது. எண்ணெய் ஜாடியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, செய்ததைப் பேசிப் பதிவு செய்வாய். அதெல்லாம் உன் பழைய போனோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். எல்லாம் இங்கே இருந்தன. உன் சிரித்த முகம் ஆயிரம் படத்தில் இருக்கிறது. ஆனால் கல்யாண வீடியோக்களில் மேளச் சத்தத்தில் உன் வாய் அசைவதுதான் தெரியும். நீ பேசியது முழுவதும் இந்த ஒரு ஃபோல்டரில்தான், இந்தத் தேய்ந்த டிஸ்க்கில்தான் இருந்தது. உன் குரலைச் சலித்து வெளியே தள்ளியிருக்கிறாய். மனுஷி குரலைப் பதர் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது என்று கோபம் கோபமாக வந்தது.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய் அடுப்பை அணைத்தார். அடுப்பில் குக்கர்கூட இல்லை, வெறும் ரசம்.

பதரைத்தான் முதலில் எடுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போயிருக்கும், டிக் டிக் சத்தம் கூடியது. நகர்வது மந்தமாகி, நின்று, மறுபடி நகர்ந்தது. சூடு ஏறுவதாகத் திரை சொன்னது. நிறுத்தி ஆற வைத்தால் திரும்ப எழாமல் போகலாம், ஓட விட்டால் அப்படியே தீய்ந்து போகலாம். உன் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். நிலைமையை அப்படியே சொன்னேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. படங்கள் போனாலும் என் வீட்டில் இருக்கின்றன, இந்தக் குரல் போனால் எங்கேயும் இல்லை என்றேன்.

அவர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "கொதிக்குது. காத்தே வரல" என்றார்.

காற்று வரவில்லை. உன் கொசுவலை. அதன் ஓட்டை ஒவ்வொன்றிலும் தூசும் சுணையும் அப்பி, துணி அட்டைபோல் விறைத்திருந்தது. உறையை இழுத்துக் கழற்றினேன். அண்ணன் டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அலமாரி உயரத்துக்கு அது எட்டவில்லை. கீழே வைக்க எதையாவது தேடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை, அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பெட்டியின் முன்னால் நின்றார். வேட்டி காற்றில் படபடத்தது. கை மாற்றிக்கொள்ளலாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நகரவில்லை. சூடு மெல்ல இறங்கியது. சத்தம் அடங்கியது. உன் பதர் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. பிறகு விதையும் வந்தது. வெளியே மெஷின் சத்தம் ஓய்ந்து, ரோட்டு நெல்லைக் கூட்டிக் குவிக்கும் நேரம் ஆகிவிட்டது.

அணைக்க வேண்டிய கட்டம் வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது, அவரே ஃபேனை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எந்தப் பொத்தான் என்று கேட்டார். காட்டினேன். அழுத்தினார்.

அந்த இரைச்சல் நின்றதும்தான் அந்த வீட்டில் அப்படி ஓர் இரைச்சல் இத்தனை நாளும் இருந்தது எனக்குத் தெரிந்தது. அவர் அழுதார். நானும் அழுதேன். கடைசியாக உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

பழைய டிஸ்க்கைக் கழற்றினேன். அந்த இடத்தில் புதியதின் ஜோடியைச் செருகினேன். பொத்தானை இந்த முறையும் அவரைத்தான் அழுத்தச் சொன்னேன். விளக்கு எரிந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் திறந்த அதே பதிவைத் திரும்பத் திறந்தேன். தொட்டதும் பேசினாய். வட்டம் சுற்றவில்லை, காத்திருக்கவில்லை. அறுபத்து மூன்று என்றாய், டீச்சர் குதிப்பாள் என்றாய், குக்கர் விசில் அடித்தது.

"என்னங்க, அந்தக் குக்கர நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன்மா" என்றார் அண்ணன்.

கழற்றிய டிஸ்க்கை அவர் கேட்டு வாங்கி, துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. உறையை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வந்தேன். காய்ந்ததும் கொண்டுபோய் மாட்டிவிடுவேன். கோணல் மூலையைப் பிரித்துச் சரியாகத் தைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கிளம்பும் முன் நீ செய்வதையே நானும் செய்தேன். எண்ணெய் ஜாடியில் போனைச் சாய்த்து வைத்து, அன்று என்ன செய்தோம் என்று பேசினேன். பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எந்த டிஸ்க் எந்தப் பக்கம், கொசுவலை உறையை ஒவ்வோர் அறுப்புக்கும் ஒரு தடவை துவைக்க வேண்டும் என்பது, எல்லாம் சொன்னேன். பின்னால் அண்ணன் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்வதும் அதில் விழுந்திருக்கிறது. அதைப் பதரில்தான் போட்டேன். அந்தப் பேரை நான் மாற்றவில்லை. அனுப்பாதே என்று நீ எழுதியிருந்த அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டேன்.

நேற்று பொழுது சாய்ந்து நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது உன் கோட்டை என் கோட்டையோடு பேசியிருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தேன், என் பெட்டியில் பதரும் இருந்தது. நீ சலிக்காமல் என் வீட்டுக்கு வந்திருந்தாய்.